சிஸ்பிளெக்ஸுக்குள் சிஸ்டங்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன: கன்சோலில் நாமே பார்ப்போம்

ஐபிஎம்மின் பெரிய கணினியான மெயின்பிரேமில், இசட்/ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பல சிஸ்டங்களைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்புதான் சிஸ்பிளெக்ஸ். 1990-இல் வந்தது. கப்ளிங் ஃபெசிலிட்டியோடு (எல்லா சிஸ்டங்களும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) கூடிய பேரலல் சிஸ்பிளெக்ஸ் 1994-இல் வந்தது. 32 சிஸ்டங்கள் வரை சேரலாம். இவற்றின் பேச்சுவார்த்தையைக் கவனித்துக்கொள்வது எக்ஸ்சிஎஃப் என்ற இசட்/ஓஎஸ் பகுதி. 'டி' என்று தொடங்கும் கட்டளைகள் காட்ட மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. அதனால் முதல் நான்கு படிகளையும் தயங்காமல் செய்து பாருங்கள்.

படி 1: 'டி எக்ஸ்சிஎஃப்' என்று கொடுங்கள். சிஸ்பிளெக்ஸின் பெயரும் அதில் இப்போது இருக்கும் சிஸ்டங்களின் பெயர்களும் வரும்.

படி 2: 'டி எக்ஸ்சிஎஃப்,கப்பிள்'. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். பிரைமரி (முதன்மை), ஆல்டர்நேட் (மாற்று) என்று இரண்டு கப்பிள் டேட்டாசெட்களின் (எல்லா சிஸ்டங்களும் பகிர்ந்துகொள்ளும் வட்டுக் கோப்புகள்) பெயர்கள் வரும். வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி, ஒவ்வொரு சிஸ்டமும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று இதில் விடாமல் நேரத்தைப் பதிந்துகொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் ஒரு சிஸ்டத்தின் பதிவு வராவிட்டால் மற்றவை அதைச் சந்தேகிக்கத் தொடங்கும். அதனால்தான் எல்லா சிஸ்டத்துக்கும் கடிகாரம் ஒன்றாக ஓடியாக வேண்டும்.

இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் உள்ள வால்யூம் (வட்டு) பெயரைப் பாருங்கள். இரண்டும் ஒரே வால்யூமில் இருந்தால் உடனே உங்கள் சிஸ்டம் புரோகிராமரிடம் சொல்லுங்கள். ஆல்டர்நேட் இல்லாமல் பிரைமரி போய்விட்டால் சிஸ்டங்கள் 0ஏ2 வெயிட் ஸ்டேட்டில் (சிஸ்டம் முழுதும் முடங்கும் நிலை) நின்றுவிடும். என்னைக் கேட்டால், இரண்டும் வெவ்வேறு ஸ்டோரேஜ் பெட்டிகளில் இருப்பதே சரி.

படி 3: 'டி எக்ஸ்சிஎஃப்,பாத்அவுட்', அப்புறம் 'டி எக்ஸ்சிஎஃப்,பாத்இன்'. செய்தி போகும் வழியும் வரும் வழியும் தெரியும். சிடிசி (சிஸ்டத்துக்கு சிஸ்டம் நேரடி) இணைப்பு என்றால் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று தனித்தனியாக வேண்டும். கப்ளிங் ஃபெசிலிட்டி ஸ்ட்ரக்சர் (அதன் நினைவகத்தில் ஒதுக்கிய பகுதி) என்றால் இரண்டுக்கும் ஒன்றே போதும். அதன் பெயர் ஐஎக்ஸ்சி என்று தொடங்கும்.

படி 4: 'டி எக்ஸ்சிஎஃப்,ஸ்ட்ரக்சர்'. ஸ்ட்ரக்சரில் லிஸ்ட் (பட்டியல்), லாக் (பூட்டு), கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) என மூன்று வகை உண்டு. ஐஎஸ்ஜிலாக் என்று ஒன்று தென்பட்டால், அது ஜிஆர்எஸ் (பல வேலைகள் ஒரே வளத்தைக் கேட்கும்போது மோதல் வராமல் பார்த்துக்கொள்ளும் இசட்/ஓஎஸ் பகுதி) பயன்படுத்தும் லாக்.

படி 5: இது சோதனை சிஸ்பிளெக்ஸில் மட்டும். 'செட்எக்ஸ்சிஎஃப் கப்பிள்,பிஸ்விட்ச்,டைப்=சிஸ்பிளெக்ஸ்' கொடுத்தால் ஆல்டர்நேட் பிரைமரியாகிவிடும். படி 2-ஐத் திரும்பச் செய்யுங்கள்: இப்போது ஆல்டர்நேட்டே இருக்காது! பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஐஎக்ஸ்சிஎல்1டிஎஸ்யூ என்ற நிரலைக் கொண்டு ஃபார்மேட் செய்த, பிரைமரியைவிடச் சிறியதாக இல்லாத ஒரு டேட்டாசெட்டை 'செட்எக்ஸ்சிஎஃப் கப்பிள்,ஏகப்பிள்' கட்டளையால் ஆல்டர்நேட்டாகச் சேருங்கள். உள்ளிருக்கும் தகவலை எக்ஸ்சிஎஃப் தானே நகலெடுத்துக்கொள்ளும். கடைசியாக, பார்ம்லிப்பில் (சிஸ்டத்தின் அமைப்பு விவரங்கள் உள்ள கோப்புத் தொகுப்பு) உள்ள கப்பிள் மெம்பரிலும் புதிய பெயர்களை எழுதிவிடுங்கள். அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மீண்டும் தொடங்கும்போது) படிக்கப்படுவது அதுதான்.