ஹோசே ஹோசேயைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

ஸ்பானிஷ் காதல் பாடல்கள் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் மெக்சிகோவின் ஹோசே ஹோசே. மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதிப் பாட்டு பிடிபட்டுவிடும்.

படி 1: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1948இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஹோசே ரோமுலோ சோசா ஓர்தீஸ். அப்பா ஓபரா பாடகர்; குடியால் சீரழிந்து 1968இல் இறந்துபோனார். அவர் பெயரும் ஹோசேதான். அப்பாவின் நினைவாகத்தான் மேடைப் பெயரில் அந்த இரண்டாவது ஹோசே. தொடக்கத்தில் ஜாஸும், பிரேசிலின் மெல்லிசை வகையான போசா நோவாவும் வாசிக்கும் சிறு குழுவில் பேஸ் என்ற தாழ்சுரத் தந்திக்கருவியை வாசித்துக்கொண்டே பாடினார்.

படி 2: 'எல் த்ரீஸ்தே' மேடைப் பதிவு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1970 மார்ச் 15, மெக்சிகோ நகரத்தில் நடந்த பாடல் போட்டி. ரொபெர்தோ கான்தொரால் எழுதிய பாட்டு. பாடியவருக்கு வயது 22.

முதல் தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். அடக்கமாகத் தொடங்கும் குரல் உச்சிக்குப் போனபோதும் கத்தலாக மாறாது. அடுத்த தடவை, அவர் மூச்செடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விரலை மடக்குங்கள். இங்கே நிறுத்துவார் என்று நீங்கள் நினைக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். கூடவே முனகிப் பாருங்கள், உங்கள் மூச்சுதான் முதலில் தீரும். நடுவர்கள் கொடுத்தது மூன்றாம் இடம்! அரங்கம் கொதித்தது. இன்று அந்தப் போட்டியை நினைவில் வைத்திருப்பதே இந்தப் பாட்டுக்காகத்தான்.

படி 3: 'செக்ரெதோஸ்'

1983 ஆல்பம். பாடல்கள் ஸ்பெயினின் பாடலாசிரியர் மானுவேல் அலெஹாந்த்ரோவுடையவை. 'லோ தூதோ'வில் தொடங்குங்கள். இங்கே உச்சத்தைவிட, தணிந்த குரலில் அவர் காட்டும் நிதானம் முக்கியம்.

படி 4: பிற்காலப் பதிவுகள்

இவற்றை எடுத்தவுடன் கேட்காதீர்கள். அப்பாவைப் போலவே அவரும் குடிக்கு அடிமையானார். 1993இல் மீண்டு வந்தார், குரல் மீளவில்லை. பழைய நீள வரிகள் துண்டாகின்றன. இளவயதுக் குரலுக்குக் காது நன்றாகப் பழகிய பிறகு கேட்டால்தான், இருப்பதைக் கொண்டு அவர் எப்படிப் பாடினார் என்று புரியும். 2019 செப்டம்பர் 28 அன்று ஃபுளோரிடாவில் காலமானார்.

படி 5: அடுத்து?

ஹோசே ஹோசே பாடிய 'லோ பசாதோ, பசாதோ' கேளுங்கள். அதை எழுதியவர் மெக்சிகோவின் இன்னொரு பாடகரான ஹுவான் கப்ரியேல். அங்கிருந்து நேராக அவருடைய பாடல்களுக்குப் போகலாம்.