செல்லப்பிராணியை இழந்த துக்கத்தை வரைந்து பார்ப்பது எப்படி?

வரையவே வராது என்பவர்களுக்குத்தான் இது. வளர்த்த நாயோ பூனையோ இறந்ததும், போனில் இருக்கும் நல்ல படத்தைப் பார்த்து அப்படியே வரையத்தான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூக்கு கோணலாக வந்தது, துக்கத்தோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. அதனால் முகத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

கோடு போடாத நோட்டு, பென்சில், அதன் ரோம நிறத்தில் கிரேயான், பசை போதும். ரப்பர் வேண்டாம். 45 நிமிடம் ஒதுக்குங்கள். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவ்வளவு நேரம் களிமண், பேனா, வெட்டி ஒட்டுதல் என்று ஏதாவது செய்த 39 பேரில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பின் பழக்கம் இருந்ததா என்பது அதில் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை.

சரி, கண்ணை மூடுங்கள். தடவிக்கொடுக்கும்போது கை எப்படிப் போகும்? நெற்றியில் தொடங்கி, காதுக்குப் பின்னால் கொஞ்சம் நின்று, முதுகு வழியாக வால் வரை. அதே வேகத்தில் பென்சிலை ஒரே கோடாக இழுங்கள். பத்துத் தடவை. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வளைகோடு. உங்கள் கைக்குத் தெரியும்.

அப்புறம் அது இல்லாத இடங்கள்: படுக்கும் மூலை, நகம் கீறிய கதவு, தண்ணீர்க் கிண்ணம். சுற்றியிருப்பதை வரைந்து, அது இருந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விடுங்கள். இங்கேதான் அழுகை வரும். நாளுக்கு ஓர் இடம் போதும்.

மூன்றாவது, குற்ற உணர்ச்சி. ‘இன்னும் முன்னாடியே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாமோ’, ‘கருணைக்கொலை ஊசிக்குச் சம்மதித்தது சரிதானா’... எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். ‘ஒரு நாய்க்காகவா இவ்வளவு?’ என்று யாரோ கேட்டதையும் சேர்த்து. அதன்மேல் கிரேயானை அழுத்தித் தேய்த்து, தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து வையுங்கள்.

இதெல்லாம் வீட்டில் நாமே செய்கிற முயற்சி. கலை சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவரோடு செய்வது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல நிபுணரைப் பாருங்கள்.

முகம் வரையத் தெம்பு வரும் நாளில், உருவத்தின் ஓரக்கோட்டை மட்டும் போட்டு, கிழித்த துண்டுகளை ரோமமாக ஒட்டுங்கள். எழுத்துகள் அங்கங்கே தெரியும், தெரியட்டும். பசை காய்ந்ததும் கண்ணைப் பென்சிலால் போடுங்கள்.