ஆடாதோடை: குச்சி நடறதுல இருந்து கஷாயம் வரைக்கும்

சளிக்கு மூலிகை சொல்லுங்கன்னு கேட்டா துளசி, கற்பூரவள்ளி, தூதுவளைன்னு தான் எல்லாரும் வரிசையா சொல்லுவாங்க, ஆடாதோடை பேரு நாலாவதா அஞ்சாவதா தான் வரும். என்னைக் கேட்டா நெஞ்சுல கட்டின சளிக்கு அது தான் முதல்ல வரணும். ஆனா ஒண்ணு, துளசி மாதிரி போற போக்குல நாலு இலை பறிச்சு வாயில போட்டு மெல்லற சமாச்சாரம் இல்ல இது, அளவு தெரிஞ்சு தொடணும். வளர்க்கறதுல ஒரு கஷ்டமும் இல்ல, கவனம் எல்லாம் பயன்படுத்தற இடத்துல தான், அதனால ரெண்டையும் சேர்த்தே எழுதறேன்.

முதல்ல செடிய அடையாளம் தெரிஞ்சுக்கோங்க. ஆள் உயரத்துக்கும் மேல புதரா வளரும், எப்பவும் பச்சையா இருக்கும். இலை மாவிலை மாதிரி நீளமா, ரெண்டு பக்கமும் கூம்பி, ஓரத்துல பல்லு எதுவும் இல்லாம வழவழன்னு இருக்கும், தண்டுல ஒவ்வொரு கணுவுலயும் எதிரெதிரா ரெண்டு ரெண்டா வரும். கசக்கி மோந்து பாத்தா ஒரு மாதிரி குமட்டற வாடை வரும், அந்த வாடை தான் நல்ல அடையாளம். பூ வெள்ளை, சிங்கம் வாயைத் திறந்தாப்ல ரெண்டு உதடா இருக்கும், கீழ் உதட்டுல ஊதா கலர்ல கோடு கோடா ஓடும். பெரிய ஆடாதோடை, சிற்றாடாதோடைன்னு ரெண்டு இருக்கு, சின்னதுல இலையும் பூவும் சிறுசு. மருந்துக்கு ரெண்டும் ஆகும், ஆனா தோட்டத்துல பரவலா பாக்கறது பெரியது தான், நான் இங்க சொல்றதும் அதைப் பத்தி தான்.

விதைக்காக காத்திருக்காதீங்க, குச்சி தான் சரி. அதுலயும் நுனித் தண்டு வேணாம், அது இளசு, வேர் விடறதுக்கு முன்னாடியே அழுகிடும். அடியில இருக்கற முத்தின கட்டையும் வேணாம், துளிர் வர லேட் ஆகும். நடுவுல இருக்கும் பாருங்க, பச்சையும் பழுப்புமா, பென்சில் தடிமன்ல, அதுல மூணு நாலு கணு வர்ற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கோங்க. அடிப்பக்கம் கணுவுக்கு கொஞ்சம் கீழ சாய்வா வெட்டணும், வேர் அந்தக் கணுவுல இருந்து தான் கிளம்பும். மேல் இலை ஒண்ணு ரெண்ட பாதியா கத்தரிச்சு விட்டுட்டு மத்த இலையெல்லாம் எடுத்துடுங்க, இல்லேன்னா வேர் இல்லாத குச்சி இலைக்கு தண்ணி குடுக்க முடியாம வாடிடும். ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி பையிலயோ தொட்டியிலயோ நட்டு, நிழல்ல வச்சு, மண்ணு ஈரமா இருக்கற அளவுக்கு மட்டும் தண்ணி தெளிச்சா போதும். தலைகீழா நட்டுடாதீங்க, வெட்டிக் குவிச்சு வச்ச குச்சில எது தலை எது காலுன்னு தெரியாம போறது சகஜம், அதுக்கு தான் அந்த சாய்வு வெட்டு அடையாளம்.

துளிர் வந்த உடனே வேர் வந்துடுச்சுன்னு நம்பி பிடுங்கி நடக்கூடாது. குச்சில இருக்கற சத்துலயே முதல் ரெண்டு இலை வந்துடும், வேர் பின்னாடி தான் வரும். சுமார் ரெண்டு மாசம் பையிலயே விட்டுட்டு, நாலஞ்சு புது இலை நிமிர்ந்து நின்னப்புறம் மாத்துங்க. மழை தொடங்கற நேரம் பாத்து நட்டா பாதி வேலை மழையே பாத்துக்கும். மண்ணு எதுவா இருந்தாலும் சமாளிச்சுக்கும், தண்ணி தேங்கறது மட்டும் ஆகாது. வெயில் நல்லா வர்ற இடம் தான் பெஸ்ட், அரை நிழல்லயும் வரும். வேலியா நடறதுன்னா ரெண்டடிக்கு ஒண்ணு, தனிப் புதரா வேணும்னா மூணடி விடுங்க. ஆடு மாடு வாய் வைக்காது, அதனால உயிர்வேலிக்கு இதை விட தோதான செடி கம்மி தான். மாடியில வைக்கறவங்க பெரிய தொட்டியா எடுங்க, சின்ன தொட்டில ஒரு வருஷத்துல வேர் சுத்திக்கிட்டு இலை சிறுத்துப் போகும்.

உரம்னு பெருசா ஒண்ணும் வேணாம், அப்பப்ப கொஞ்சம் மக்கின எரு போதும். கவாத்து தான் முக்கியம். வெட்டாம விட்டா மேல மட்டும் போய் அடியெல்லாம் மொட்டையா நிக்கும், இடுப்பு உயரத்துல வெட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா பக்கக் கிளை விட்டு அடர்த்தியா வரும். வெட்டின தழைய தூக்கிப் போடாதீங்க, அது நல்ல தழை உரம். ஆடு மாடு தின்னாத இலை, கசப்பான இலை, ஒடிச்சா பால் வர்ற இலைன்னு பாத்து தான் இலைக்கரைசல் பூச்சிவிரட்டிக்கு எடுப்பாங்க, வேம்பு நொச்சி எருக்கோட ஆடாதோடையும் அதுல சேரும்.

முதல் வருஷம் இலை பறிக்க அவசரப்படாம செடிய விட்டுடறது நல்லது. அப்புறம் எப்ப வேணும்னாலும் பறிக்கலாம், முத்தின இலையா பறிங்க, பழுத்தது பூச்சி கடிச்சது வேணாம். காய வைக்கறதா இருந்தா நிழல்ல தான், பரப்பி விட்டு தினம் ஒரு தடவை புரட்டி விடணும், கையில எடுத்து நொறுக்குனா பொடியாகணும், அப்ப தான் டப்பாவுல போடலாம். இதே வெளிய காய்ஞ்ச இலை வாங்கறதா இருந்தா கொஞ்சம் உஷார், பெருமரம்னு வேற ஒரு மரம் இருக்கு, அதோட இலைய கலந்து விக்கறது உண்டு, அதுல இலை ஓரம் பல்லு பல்லா இருக்கும். பொடியாவே வாங்கினா அதுவும் கண்டுபிடிக்க முடியாது, அதனால தான் செடிய வீட்டுலயே வைங்கன்னு சொல்றேன்.

இப்ப பயன்பாடு. இந்த இலையோட வேலை கெட்டியான சளிய இளக்கி வெளிய கொண்டு வர்றது, மூச்சுக்குழாய விரிச்சு விடறது. வாசிசின்னு இலையில இயற்கையா இருக்கற ஒரு ஆல்கலாய்டு, அதாவது ஒரு வகை வேதிப்பொருள், தான் இதுக்கு முக்கிய காரணம். இருமல் சிரப்ல புரோம்ஹெக்சின்னு போட்டிருக்குமே, அது இந்த வாசிசின அடிப்படையா வச்சு லேப்ல உருவாக்கினது தான், அம்ப்ராக்சால் அந்த புரோம்ஹெக்சின் உடம்புக்குள்ள போய் மாறி வர்ற பொருள். சித்த மருத்துவத்துல ஆடாதோடை மணப்பாகு (சிரப் மாதிரி), ஆடாதோடைக் குடிநீர் (கஷாயம்) ரெண்டும் ரொம்ப காலமா இருக்கு, கொரோனா நேரத்துல எல்லாரும் குடிச்ச கபசுரக் குடிநீர்ல இருக்கற 15 சரக்குல இதுவும் ஒண்ணு. குரல் கட்டினாலும் குடுப்பாங்க, ஆடாதோடைக்கு பாடாத நாவும் பாடும்னு பழமொழியே இருக்கு.

கஷாயத்துக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு இலை போதும். நல்லா கழுவி, நடு நரம்ப எடுத்துட்டு, கிழிச்சுப் போட்டு, தட்டின மிளகு நாலு சேர்த்து ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி சின்ன தீயில வைங்க. முதல்ல பச்சை வாடை தூக்கும், கொதிக்க கொதிக்க அது அடங்கி தண்ணி பழுப்பா மாறும், அரை டம்ளரா சுண்டினதும் வடிகட்டிடுங்க. கசப்பு தாங்காது, வெதுவெதுப்பா ஆனப்புறம் தேன் கலந்து குடிக்கலாம். சாறு வேணும்னா பச்சையா இடிச்சுப் பிழிய பாக்காதீங்க, சொட்டு கூட ஒழுங்கா வராது. இலைய ஆவில பத்து நிமிஷம் வேக வச்சு, சூடு ஆறறதுக்குள்ள துணில கட்டி முறுக்கிப் பிழிஞ்சா தான் பச்சையா இறங்கும், அதுல ஒரு டீஸ்பூன் எடுத்து தேன் கலந்துக்கலாம். மூட்டு வலி வீக்கத்துக்கு இலைய வதக்கி ஒத்தடம் குடுக்கற பழக்கமும் இருக்கு. காஞ்ச இலைய சுருட்டி புகை பிடிச்சா ஆஸ்துமாவுக்கு நல்லதுன்னும் பழைய முறை ஒண்ணு சொல்லுவாங்க, அத மட்டும் தயவு செஞ்சு செய்யாதீங்க, ஏற்கனவே சுருங்கிக் கிடக்கற மூச்சுக்குழாய்க்குள்ள புகைய விடறதுல என்ன நியாயம் இருக்கு.

இத கண்டிப்பா படிங்க. கர்ப்பிணிகள் இந்த இலைய எந்த ரூபத்துலயும் எடுக்கக் கூடாது, கர்ப்பப்பைய சுருங்க வைக்கற குணம் இதுக்கு உண்டு, கரு கலையற அபாயம் இருக்கு. மூலிகை தானே, இயற்கை தானேன்னு இங்க வந்து வாதாடாதீங்க. குழந்தைகளுக்கு வைத்தியர கேக்காம குடுக்க வேணாம், ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு தேன் அறவே கூடாது. அளவு மீறினா பெரியவங்களுக்கே வாந்தி, பேதி வரும். சர்க்கரை, பிரஷர்னு தினசரி மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க. தினமும் டீ மாதிரி குடிக்கற பழக்கமும் வேணாம், சளி இருக்கறப்ப மூணு நாலு நாள், அவ்வளவு தான்.

ரெண்டு வாரம் தாண்டியும் இருமல் நிக்கலேன்னாலோ, சளியில ரத்தம் வந்தாலோ, சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் அடிச்சு எடை குறைஞ்சாலோ கஷாயத்த நிறுத்திட்டு போய் காசநோய் இருக்கான்னு சளி டெஸ்ட் எடுங்க. சளியில ரத்தம் வந்தா ஆடாதோடை குடுக்கணும்னு பழைய ஏடுகள்ல இருக்கறது உண்மை தான், ஆனா அன்னைக்கு காசநோய்க் கிருமிய கொல்ற மருந்து கிடையாது, இன்னைக்கு இருக்கு.