சப்வூஃபருக்கு எந்த கிளாஸ் ஆம்ப்? ஃபியூஸைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

என் ஆல்டோவில் முதல்முதலில் சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்டியபோது, சென்னை ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் நண்பர் கழற்றிப் போட்டிருந்த ஏபி கிளாஸ் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்; ஏ, ஏபி, டி எல்லாம் அதன் வகைகள்) ஓசியில் வாங்கி வந்தேன். மே மாதம். திண்டிவனம் தாண்டுவதற்குள் பாட்டு நின்றுவிட்டது, ஆம்ப்பில் சிவப்பு விளக்கு. சீட்டுக்கு அடியில் கையை விட்டால் தோசைக்கல். அரை மணி நேரம் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி ஆறவைத்த பிறகுதான் திரும்பப் பாடியது.

ஆம்ப் கெட்டுப்போகவில்லை, அதன் குணமே அப்படி. பழைய வீடுகளில் ஃபேனுக்குப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருக்குமே, வேகத்தைக் குறைத்தால் பெட்டி சுடும். தேவையில்லாத மின்சாரத்தை அது வெப்பமாக்கித் தள்ளும். ஏபி கிளாஸும் கிட்டத்தட்ட அதேதான். வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். பாதி வால்யூமில் இன்னும் மோசம். டி கிளாஸில் உள்ளே இருப்பவை வெறும் சுவிட்சுகள். நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் முழுதாகத் திறந்து, முழுதாக மூடும். நடுவில் நின்று சூடாகிற வேலையே இல்லை. அதனால் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகிறது. (டி என்றால் டிஜிட்டல் என்று கடையில் சொல்வார்கள். இல்லை. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.)

சின்ன கார்க்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. 500 வாட்ஸ் வேண்டுமென்றால் டி கிளாஸ் 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். ஏபி 72 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி வைத்த வண்டியில், பாட்டின் ஒவ்வொரு டிரம் அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிவது இதனால்தான்.

ஏபி குப்பை என்று சொல்லவில்லை. அதே ஆம்ப்தான் இன்றும் என் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு ஓடுகிறது, பாடகர் குரல் அருமை. ஆனால் சப்வூஃபர் பாடுவது 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். அங்கே ஏபி-யின் நயம் காதுக்கு எட்டாது. டி கிளாஸ் மோனோபிளாக் (ஒரே சேனல் உள்ள ஆம்ப்) போதும். ஏ கிளாஸ் ஆம்ப் காருக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, கடைக்குப் போய் என்ன பார்ப்பது? அட்டைப்பெட்டியில் 4000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு ஆம்ப்பைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால்: 30-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 414. அதில் 80 சதவீதம், 330 வாட்ஸ். அந்த ‘4000’-இன் நிஜ முகம் இதுதான். கடைக்காரர் முகம் மாறும், கண்டுகொள்ளாதீர்கள்.

அப்புறம் ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. இரட்டை 4 ஓம் காயில் உள்ள சப்வூஃபரைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸாக இணைத்தால் 8. ஆம்ப் 2 ஓம் தாங்குமா, அந்த 2 ஓமில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்ஸ்) எவ்வளவு என்று கேளுங்கள். பீக் (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம்) கணக்கு வேண்டாம்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. 4 கேஜ் தடிமன், சுத்தச் செம்பு. செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ். எர்த் வயரை டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் முடுக்குங்கள்.

கடைசியாக கெயின், ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. அது வால்யூம் இல்லை. 2 ஓமில் 300 வாட்ஸ் என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 24.5. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்தபடி கெயினை மெல்லத் திருகுங்கள். 24.5 காட்டியதும் கையை எடுத்துவிடுங்கள்.