டெர்மினலில் ஓடின கட்டளை ஸ்கிரிப்டில் ஏன் ஓடமாட்டேன் என்கிறது?

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிற பிள்ளைகள் லினக்ஸுக்கு வந்த புதிதில் முட்டிக்கொள்கிற இடம் இது: கையால் அடித்தால் கட்டளை ஓடுகிறது, அதையே ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை எழுதிவைத்து ஓட்டுகிற கோப்பில், போட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்', கட்டளையைக் காணோம் என்கிறது. கட்டளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அது ஓடுகிற சூழல் வேறு.

முதலில் ஏலியாஸ், அதாவது நீளக் கட்டளைக்கு நாம் வைக்கிற சுருக்கப் பெயர். காத்தான்குடிக் கடையொன்றின் கணக்கைப் பிரதி எடுக்க, 'காப்பு' என்று அடித்தால் பிரதி எடுக்கிற ஆர்சிங்க் கட்டளை ஓடுகிற மாதிரி, டெர்மினலில் அடிப்பதை வாங்கி ஓட்டுகிற பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் முன்னால் இருந்து தட்டுகிற பாஷ்தான் அந்தக் கோப்பை வாசிக்கும், ஸ்கிரிப்டை ஓட்டுகிற பாஷ் அதைத் திரும்பியும் பார்க்காது. சரி, ஸ்கிரிப்டுக்குள்ளேயே அதை சோர்ஸ் பண்ணுவோம், அதாவது ஓடுகிற பாஷையே வாசிக்க வைப்போம் என்றால் உபுண்டுவில் அதுவும் சரிவராது, ஏனென்றால் முன்னால் ஆள் இல்லையென்றால் மேற்கொண்டு வாசிக்காதே என்று கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது. அதைத் தாண்டினாலும் ஸ்கிரிப்டில் பாஷ் ஏலியாஸை விரிக்காது. பேசாமல் ஒரு ஃபங்ஷனாக ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற கிரானில் போட்டால் இன்னும் தொல்லை. அங்கே பாத், அதாவது கட்டளைகளைத் தேடுகிற இடங்களின் பட்டியல், மிகவும் சின்னது, ஆகவே வேறிடத்தில் நிறுவிய நிரல்களுக்கு முழுப் பாதையையும் கொடுங்கள். அதோடு கட்டளையை ஓட்ட கிரான் கூப்பிடுவது பாஷை அல்ல, எஸ்ஹெச் என்ற பெயரில் இருப்பதை. உபுண்டுவில் 2006 இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷைவிடச் சின்னதான டாஷ். பாஷில் எழுதுகிற இரட்டைச் சதுர அடைப்பு, அரே எதுவும் அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷைக் குறிப்பிட்டுவிட்டு, முன்னால் எஸ்ஹெச் போட்டு ஓட்டினால் அந்த வரியை யாரும் கவனிக்கப்போவதில்லை.

தமிழில் வேலை செய்கிற நமக்கு, மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்கிற லாங் என்ற சூழல் மாறியும் முக்கியம். அது இல்லாத சூழலில் 'மட்டக்களப்பு' என்ற சொல்லை டபிள்யூசி கட்டளையிடம் குறிகளை எண்ணக் கொடுத்தால், புள்ளியையும் உகரக் குறியையும் தனியாகச் சேர்த்து 12 வரவேண்டிய இடத்தில் 36 வரும், யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அது பைட்டைத்தான் எண்ணுகிறது.

ஊகித்துக்கொண்டு இருக்காதீர்கள். டெர்மினலில், சூழல் மாறிகளைப் பட்டியல் போடுகிற என்வ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எடுங்கள், கிரானிலும் அதையே போட்டு இன்னொன்றில் எடுங்கள், மறுகா இரண்டையும் ஸார்ட் பண்ணி, வித்தியாசத்தைக் காட்டுகிற டிஃப் கொடுங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். பிழைச் செய்தியையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். கிரான் அதை மெயிலில் அனுப்பப் பார்க்கும், வீட்டுக் கணினியில் மெயிலுக்கு எங்கே போவது?

அப்புறம், ஸ்கிரிப்டில் கோப்புறை மாற்றுகிற சிடி போட்டும் டெர்மினல் இருந்த இடத்திலேயே நிற்கிறதே என்றால், ஸ்கிரிப்ட் தனிப் புரொசஸ், அது மட்டும்தான் இடம் மாறியது. சோர்ஸ் பண்ணி ஓட்டினால் டெர்மினலும் கூடவே போகும்.