காற்று வெளியே போகவும் வழி வேண்டும்

தக்கலைப் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். புது வீட்டில் குடியேறியவர்கள் முதல் மழைக்காலம் முடிந்ததும் சொல்வது ஒன்றுதான்: "இத்தனை சன்னல் வச்சும் புழுக்கம் போகலியே அண்ணே, அலமாரித் துணியெல்லாம் பூசணம் புடிக்குது." ஒரே சுவரில் நாலு சன்னல் வைத்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். எதிர்ச்சுவரில், இடமில்லையென்றால் பக்கச்சுவரில், அது வெளியேற வழி இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அந்த வழி இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சன்னல் பக்கமும் பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்தால் அது காற்று வரும் வழி, வெளியே இழுத்தால் போகும் வழி. இரவிலும் ஒருமுறை பாருங்கள். குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் பகலில் கடற்காற்று, ராத்திரியில் கரைக்காற்று என்று திசை மாறும். ஆரல்வாய்மொழிக்காரர்கள் கதை வேறு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு மேற்குச் சன்னலைக் கொஞ்சம் திறந்து, கிழக்கே முழுதாகத் திறந்துவிட்டால் போதும்.

காற்றே அசையாத நாளில் டேபிள் ஃபேனை ஒரு சன்னலில் வெளியே பார்த்து வையுங்கள். உள்காற்றை அது தள்ள, மறுபக்கச் சன்னல் வழியாக வெளிக்காற்று வரும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு அடைக்காதீர்கள். கொசுவலை அடித்தால் போதும். வலையில் தூசி படிந்தால் காற்று நின்றுவிடும், அடிக்கடி தட்டுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டச் சன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலை மறித்துக் காற்றை விடுகிற வேலை அது. நாம் அதே ஊரில் கான்கிரீட் பெட்டி கட்டுகிறோம்!

அடுக்களைதான் முக்கியம். மீன் பொரிக்கிற புகையும், கேஸ் அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சுவாயுவும் அங்கேதான். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்புக்கு நேர் மேலே, உயரத்தில் மாட்டுங்கள். ஓடும்போது அதை ஒட்டிய சன்னலைச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், புகை அப்படியே நிற்கும். தூரத்துக் கதவைத் திறந்து வையுங்கள். சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். விறகும் சிரட்டையும் எரிப்பவர்கள் அடுப்பை வெளித்திண்ணைக்கு மாற்றினால் நல்லது.

விடாத மழையில் எல்லாவற்றையும் திறந்து போடுவதில் லாபமில்லை, ஈரம்தான் வரும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் திறங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போட வேண்டாம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அப்புறம், அறையைப் பூட்டிக்கொண்டு கொசுவர்த்தி கொளுத்துவதைவிடக் கொசுவலை கட்டிப் படுக்கலாம்.

கேஸ் வாடை வந்தால் மட்டும் எக்ஸாஸ்டைத் தொடாதீர்கள். சுவிட்சுப் பொறியே போதும் பற்ற. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும். ரெகுலேட்டரை மூடி, வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.