டோக்கியோவில் ஒமகாசே சுஷி: முன்பதிவிலிருந்து பில் வரை

டோக்கியோவின் கின்சா பக்கம் உள்ள பழைய பாணி சுஷிக் கடைகளைப் பற்றி இணையத்தில் படித்தால், சாப்பிடப் போகிறோமா பரீட்சை எழுதப் போகிறோமா என்று சந்தேகம் வரும். சென்ட் கூடாது, தாமதம் கூடாது, வீடியோ கூடாது, பாதி கடித்து வைக்கக் கூடாது என்று பட்டியல் நீள்கிறது. வேலை விஷயமாக டோக்கியோ போயிருந்தபோது ஒரு கடையில் இடம் பிடிக்கப் பட்ட பாட்டில் எனக்குத் தெளிந்தது இதுதான்: எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் துண்டு வைத்துத் தருவதுதான் சுஷி, அந்தச் சோறு கிட்டத்தட்ட உடல் சூட்டில் இருக்கும்போதே வாய்க்குள் போக வேண்டும். எட்டுப் பத்துப் பேர் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் சாப்பிடத் தொடங்குகிறார்கள். இந்த இரண்டும் புரிந்துவிட்டால் முக்கால்வாசி விதிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

ஒமகாசே என்றால் மெனு கிடையாது, அன்றைக்கு என்ன தருவது என்பதைச் சமையற்காரர் முடிவு செய்வார். சுஷியே சாப்பிட்டுப் பழக்கமில்லாதவர்கள் நேராக இங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. உஒகாஷி நிஹோன்-இச்சி மாதிரி நின்றுகொண்டே சாப்பிடும் கடைக்கு முதலில் போய்ப் பாருங்கள். அங்கேயும் கண் முன்னால்தான் பிடித்துத் தருவார்கள், ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம், செலவும் குறைவு. 19ஆம் நூற்றாண்டில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துத் தெருக்கடைகளில் சுஷி விற்றதும் இப்படித்தான், வேலைக்குப் போகிறவர்கள் அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு போகும் தீனியாக. இன்றைய கெடுபிடி எல்லாம் பின்னால் வந்தது.

படி 1: கடையைத் தேர்ந்தெடுப்பது

உணவகங்களுக்கு ஜப்பானியர்கள் மதிப்பெண் போடும் தபேலோக் தளத்தைப் பாருங்கள். கூகுளில் 4.5 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே எல்லாக் கடையும் மட்டமாகத் தெரியும். அப்படி இல்லை, ஜப்பானியர்கள் மதிப்பெண் போடுவதில் கஞ்சர்கள். 3.5 இருந்தாலே நல்ல கடை. 4ஐத் தாண்டியவற்றில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒபாமா 2014இல் சாப்பிட்ட சுக்கியாபாஷி ஜிரோவுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் வேண்டாம். பொதுமக்கள் சாதாரணமாக முன்பதிவு செய்ய முடியாத கடை என்பதால் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேடே 2019இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

முதல் தடவை மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். இரவில் நல்ல கடைகளில் தலைக்கு 20,000 யென்னுக்கு மேல் ஆகும், 40,000 கூட ஆகலாம். பல கடைகளில் மதிய விலை அதில் பாதிகூட இருக்காது. சுஷி பிடிப்பவர் பெரும்பாலும் அதே ஆள், சோறும் அதே சோறு.

படி 2: முன்பதிவு

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், நானும் விதிவிலக்கல்ல. பல கடைகள் தொலைபேசியில் மட்டுமே பதிவு செய்யும், அதுவும் ஜப்பானிய மொழியில். உள்ளூர் எண்ணும் கேட்பார்கள், வராமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்பது அவர்கள் கவலை. எட்டு இருக்கைக் கடையில் இருவர் வரவில்லை என்றால் அன்றைய வரவில் கால்வாசி போச்சு. அவர்களுக்காக விடியற்காலையில் டொயோசு சந்தையில் வாங்கிய மீனும் வீண்.

வழிகள் மூன்று. முதலாவது, நீங்கள் தங்கும் ஹோட்டலின் கன்சியர்ஜ், அதாவது விருந்தினர்களுக்கு முன்பதிவு போன்றவற்றைச் செய்து தரும் ஊழியர். பெரிய ஹோட்டல் என்றால் இதுதான் சிறந்தது. சில கடைகள் வெளிநாட்டுக்காரர்களை இந்த வழியில் மட்டுமே எடுக்கும். பட்ஜெட் ஹோட்டலில் கேட்டால் "மன்னிக்கவும்" என்பதோடு முடிந்துவிடும், எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டாவது, ஒமகாசே என்ற பெயரிலேயே இயங்கும் முன்பதிவுத் தளமும், டேபிள்செக் தளமும். இரண்டிலும் ஆங்கிலம் உண்டு, வெளிநாட்டு கிரெடிட் கார்டு செல்லும். என் ஓட்டு இவற்றுக்குத்தான். மூன்றாவது, டேபிள்ஆல் போன்ற இடைத்தரகர்கள். கூடுதல் கட்டணம் கறப்பார்கள், வேறு வழியே இல்லை என்றால் போங்கள்.

தளங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. பல கடைகள் அடுத்த மாதத்துக்கான இடங்களை ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்குத் திறந்துவிடும். அது ஜப்பான் நேரம். அங்கே காலை 10 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 6.30. அலாரம் வைத்து எழுந்து, கார்டு விவரத்தை முன்பே தளத்தில் சேமித்து வைத்திருந்தால் இடம் கிடைக்கும். ஒன்பது மணிக்குக் காபி குடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நிரம்பியிருக்கும்.

ஒவ்வாமை, சாப்பிடாத பொருட்கள் எல்லாவற்றையும் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். போய் உட்கார்ந்த பிறகு "எனக்கு இறால் ஆகாது" என்றால் சமையற்காரரிடம் மாற்று மீன் இருக்காது. ரத்து விதியையும் படியுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையையும் கார்டிலிருந்து எடுப்பது அங்கே வழக்கம்.

படி 3: கிளம்பும் முன்

கோட்டு சூட்டு தேவையில்லை, அரைக்கால் சட்டையும் செருப்பும் வேண்டாம். சென்ட், அத்தர், வாசனை எண்ணெய், தலையில் மல்லிகை எதுவும் கூடாது. கெடுவது உங்கள் சாப்பாடு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருடையதும்தான். மேசை பெரும்பாலும் ஹினோக்கி மரப் பலகை, மென்மையானது, எளிதில் கீறிவிடும். கைக்கடிகாரம், பட்டையான வளையல் இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். போனை மேசைமேல் வைக்காதீர்கள்.

ஐந்து நிமிடம் முன்னால் போனால் போதும். அரை மணி முன்னால் போய் வாசலில் நிற்பதும் தொந்தரவுதான். தாமதமானால் உடனே தகவல் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் ஒருவருக்காக மற்ற ஏழு பேரும் காத்திருப்பார்கள்.

படி 4: சாப்பிடுவது

கை துடைக்க ஈரத்துணி தருவார்கள். கை துடைக்க மட்டும், முகம் கழுத்துக்கெல்லாம் இல்லை.

கையால் சாப்பிடலாமா என்று தயங்க வேண்டாம், தாராளமாக. குச்சியில் எடுத்தால் சோறு உடையும் வாய்ப்பு அதிகம், நல்ல கடைகளில் அவ்வளவு இளக்கமாகப் பிடித்திருப்பார்கள். நான் கைக்கட்சி.

சுஷி தட்டில் வந்த சில விநாடிகளில் முழுசாக வாயில் போட வேண்டும். பேச்சை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று வைத்தால் சோறு ஆறும், கடற்பாசித் தாள் சுற்றியிருந்தால் மொறுமொறுப்புப் போய் நமுத்துவிடும். சமையற்காரர் முகம் சுளிப்பது இதற்குத்தான். துண்டு பெரிதாக இருந்தால் பாதி கடிக்க வேண்டாம். "ஷாரி சுகுனாமே" என்று சொன்னால் அடுத்ததிலிருந்து சோற்றைக் குறைத்துப் பிடிப்பார்.

சோயா சாஸ் பெரும்பாலும் அவரே தூரிகையால் பூசித் தருவார், வசாபி என்ற காரமான பச்சை விழுதும் உள்ளேயே இருக்கும். மேலே எதையும் சேர்க்காதீர்கள். தனிக் கிண்ணத்தில் சோயா கொடுத்திருந்தால், மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொடுங்கள். சோற்றைத் தோய்த்தால் உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும். மீன் முட்டை வைத்த சுஷியைக் கவிழ்க்க முடியாதே? ஊறவைத்த இஞ்சியைச் சோயாவில் தொட்டு, அதனால் மேலே தடவுங்கள். மற்றபடி இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. சுஷியின் தலையில் வைக்க அல்ல.

கோஹாதா என்ற சின்ன வெள்ளி மீன் வந்தால் கவனித்துச் சாப்பிடுங்கள். உப்பிலும் வினிகரிலும் ஊறவைக்கும் பக்குவத்தில்தான் கடையின் கைத்திறன் தெரியும் என்பார்கள். கொழுத்த டூனாவை எல்லோரும் புகழ்வார்கள், எனக்கு அதைவிட இதுதான் பிடித்தது.

போட்டோ எடுக்க முதலில் கேளுங்கள்: "ஷாஷின் ஈ தெஸ் கா?" சரி என்றால் ஃபிளாஷ் இல்லாமல் ஒரே ஒரு படம், உடனே வாயில். மற்றவர்கள் முகம் படத்தில் விழக்கூடாது.

படி 5: பில்

முட்டை அடையான தமாகோ வந்தால் முடியப் போகிறது என்று அர்த்தம். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். அது இலவசம் இல்லை, தனிக் கணக்கு. பில்லுக்கு "ஒகாய்கே" என்றால் போதும். டிப்ஸ் வைக்காதீர்கள், பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். கார்டு எடுப்பார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது "கோச்சிசோசமா தெஷ்தா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள், அடுத்த பந்திக்கு ஆள் வந்திருக்கும்.

பிற்சேர்க்கை

கருத்துப் பகுதியில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹலால் சாப்பிடுபவர்கள் கவனிக்க: தூரிகையால் பூசும் அந்தச் சோயாவில் சாக்கே, மிரின் போன்ற அரிசி மது சேர்த்துக் காய்ச்சுவது வழக்கம். மீன்தானே என்று நம்பிப் போகாதீர்கள், பதிவின்போதே கேளுங்கள்.

சைவர்கள் போகலாமா? வேண்டாம். காய்கறி மட்டும் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலான கடைகள் பதிவையே ஏற்காது. அந்தப் பணத்துக்கு, ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள கோயாசான் மலைக் கோயில் விடுதி ஒன்றில் ஒரு ராத்திரி தங்கலாம். அங்கே போடும் துறவிகள் உணவில் மீனோ இறைச்சியோ கிடையாது. காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு மட்டும் கலக்கவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.